ஒரே பாட்டில் ஒரு தாய்

"யாழ்ப்பாணத்தைப் பிறப்பிடமாகவும், லண்டன் நோர்பரியை வதிவிடமாகவும் கொண்ட" என்று தொடங்கும் மரண அறிவித்தல்களை நான் ஒன்றுக்கு இரண்டு தடவை வாசிக்கிறவன். பெயர் வரும், சிவபதம் எய்திய நாள் வரும். பிறகு அன்னார் இன்னாரின் அன்பு மகள், காலஞ்சென்ற இன்னாரின் பாசமிகு மனைவி, இன்ன இன்ன பிள்ளைகளின் அருமைத் தாயார், மருமக்களின் மாமியார், இத்தனை பேரின் அம்மம்மா, அப்பம்மா, பூட்டி. ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்குப் பக்கத்திலும் அடைப்புக்குறிக்குள் ஒரு நாடு. கடைசியில் பார்வைக்கு வைக்கும் இடம், கிரியை, தகனம், தொலைபேசி எண்கள்.

இந்த வடிவம் நேற்று வந்ததல்ல. முன்பு இலங்கை வானொலியில் மரண அறிவித்தல் வாசிக்கும் நேரத்தில் ஊரில் வீடுகள் வாயடைத்துப்போய் இருக்கும். பத்திரிகை, இணையம் என்று இடம் மாறியும் அச்சு மாறவில்லை. அதை நான் குறைவாகச் சொல்லமாட்டேன். 1983 கலவரத்துக்குப் பிறகு திசைக்கொன்றாய்ப் போன ஒரு குடும்பம், தாய் உயிரோடு இருந்த காலமெல்லாம் ஒரே முற்றத்தில் கூடியதே கிடையாது. விசா இல்லை, லீவு இல்லை, அகதி வழக்கு முடியவில்லை. அந்தப் பிள்ளைகள் எல்லோரும் முதன்முறையாக ஒன்றாக நிற்பது தாயின் மரண அறிவித்தலில்தான்.

ஆனால் தொண்ணூறு வயது வரை இருந்த அந்த மனுஷி எங்கே? அவர் யாருக்கு என்ன முறை என்பது மட்டும் இருக்கிறது. விடியற்காலை நான்கு மணிக்கு எழும்பி, குளிர் தண்ணீரில் முகம் கழுவி, திருநீறு பூசிக்கொண்டு, எழுபது வருஷம் அவர் என்ன செய்தார் என்பதற்கு 'பக்தை' என்ற ஒரு சொல்கூட அங்கே இடம் பெறுவதில்லை.

இதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு இசைஞானியார் நினைவுக்கு வருகிறார். அறுபத்து மூன்று நாயன்மாரில் பெண்கள் மூவர். காரைக்கால் அம்மையார், மங்கையர்க்கரசியார், இசைஞானியார். இசைஞானியார் சுந்தரரின் தாய். பெரியபுராணத்தில் அவருக்குக் கிடைத்தது ஒரே ஒரு பாட்டு. அதிலும் சேக்கிழார் சொல்வது, அவர் சடையனாரின் மனைவி, நம்பியாரூரரைப் பெற்றவர், குறைவற்ற குலத்தில் வந்தவர், இவரைப் புகழ என்னாலும் முடியாது எவராலும் முடியாது என்பதுதான். கணவர் பெயர், பிள்ளை பெயர், குலம். நமது அறிவித்தலின் அச்சு அப்போதே வார்க்கப்பட்டுவிட்டது. சடையனாருக்கும் ஒரு பாட்டுத்தான் என்பதையும் சொல்லவேண்டும். ஆனாலும் தகப்பனுக்கு அந்த ஒரு பாட்டோடு வேறு ஒரு காட்சி இருக்கிறது. பிள்ளை தெருவில் சிறுதேர் உருட்டி விளையாடும்போது நரசிங்கமுனையரையர் என்ற அரசர் காண்கிறார், ஆசைப்பட்டுக் கேட்கிறார், தந்தையார் கொடுத்துவிடுகிறார். பிள்ளை அரண்மனையில் வளர்கிறது.

தாய் என்ன சொன்னார்? அன்றைக்கு அந்த வீட்டில் அடுப்பு எரிந்ததா? புராணம் அதற்குள் போகவில்லை. இருந்தும், திருத்தொண்டத்தொகையை அடியார்கள் பெயரெல்லாம் சொல்லிப் பாடிய அந்த மகன், முடிக்கும்போது தன்னை இசைஞானியின் பிள்ளை என்று சொல்லிக்கொள்கிறான். அவர் நாயன்மார் வரிசையில் இருப்பதே அந்தப் பாட்டினால்தான். இன்னொரு சாட்சியும் உண்டு. திருவாரூர்க் கோயிலில் இரண்டாம் குலோத்துங்க சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இசைஞானியார் கமலாபுரத்தில் பிறந்தவர் என்றும், ஞானசிவாசாரியாரின் மகள் என்றும் பொறித்து வைத்திருக்கிறது. பிறந்த ஊரும் தகப்பன் பெயரும் கல்லில் கிடைத்தன. அவருடைய ஒரு நாள் எப்படிப் போயிற்று என்பது எதிலும் கிடைக்கவில்லை.

புராணம் கிடைக்கவேண்டுமென்றால் ஒரு பெண் வீட்டைவிட்டு வெளியேறவேண்டியிருந்தது. காரைக்கால் அம்மையாராகிய புனிதவதியார் பரமதத்தனின் மனைவியாய்ச் சோறு பரிமாறிக்கொண்டிருந்த வரைக்கும் அவர் கதை ஒரு மாம்பழத்தின் கதை. கணவன் கும்பிட்டு விலகி, அவர் அழகைக் கழற்றிப் பேயுருக் கொண்டு, தலையால் கயிலை ஏறிய பிறகுதான் இறைவனே அவரை அம்மை என்று அழைக்கிறான். அறுபத்து மூவர் வரிசையில் மற்றவர்கள் நிற்க அவர் மட்டும் அமர்ந்திருக்கிறார். அந்த இருக்கைக்கு நான் தலை வணங்குகிறேன். ஆயினும் வெளியேறாதவர்களைப் பற்றி எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. பால் பொங்கும்போது பக்கத்தில் நின்று, பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் கண்விழித்து, அதற்கு நடுவிலே இடைவிடாமல் சிவனைப் பிடித்துக்கொண்டிருந்தவர்களுக்கு யார் புராணம் பாடினார்கள்?

அப்படிப்பட்டவர்களில் சிலர் நோர்பரியில் வாழ்ந்து முடிந்திருக்கிறார்கள்.

நோர்பரி குரொய்டனின் வடக்கு விளிம்பில் இருக்கிறது. ஸ்ரெதத்துக்கும் தோர்ன்ரன் ஹீத்துக்கும் நடுவே, லண்டன் றோட்டின் இரண்டு பக்கமும் ஒட்டு வீடுகள். ரயில் நிலையம் 1878இல் திறந்தது. வீடுகள் அதன் பின்னால் வந்தவை. தமிழர்கள் ரூட்டிங்கிலிருந்து தெற்கே நகர்ந்து, வீடு கொஞ்சம் மலிவாய்க் கிடைத்த இடங்களில் தங்கிய வழியில் இதுவும் ஒன்று. மகளுக்கோ மருமகளுக்கோ பேறுகால உதவிக்கென்று வந்த தாய்மார் பலர் திரும்பிப் போகவில்லை. போக ஊர் இருந்தது, வீடு இருக்கவில்லை.

இந்த வீடுகளில் மாடிப்படி ஏறினால் முன்பக்கம் ஒரு சின்ன அறை இருக்கும். கட்டில் போட்டால் கதவு திறவாது. தமிழ் வீடுகளில் அதுதான் பெரும்பாலும் சாமியறை. நான் பார்த்த ஒன்றில், முன்பு உடுப்பு அடுக்கிய தட்டுக்களில் நல்லூர்க் கந்தன், மாவிட்டபுரம், தெல்லிப்பழைத் துர்க்கை, நயினாதீவு நாகபூசணி, பக்கத்தில் வேளாங்கண்ணி மாதா. கீழ்த்தட்டில் ஒரு பிளாஸ்ரிக் பெட்டி. அதற்குள் பொலித்தீனில் சுற்றிய பிள்ளையார் கதைப் புத்தகம், அட்டை போய், நூல் தைத்து, பக்க ஓரங்கள் எண்ணெய் ஊறி மஞ்சளாகி. வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடுமுன் பேரன் கதிரையில் ஏறி, புகை எச்சரிக்கைக் கருவிக்குக் குளிக்கும்போது போடும் பிளாஸ்ரிக் தொப்பியை மாட்டிவிடுவான். அது முடிந்ததும் கழற்றவேண்டும் என்பதையும் அம்மம்மாதான் மறக்காமல் ஞாபகப்படுத்துவார்.

வேளாங்கண்ணி மாதாவைப் பார்த்து யாரும் வியக்கத் தேவையில்லை. யூலை மாதத்தில் வோல்சிங்கம் மாதாவிடம் போகும் தமிழ்க் கத்தோலிக்கரின் பஸ்களில் நெற்றியில் திருநீறு பூசியவர்களும் இருப்பார்கள். ஊரில் மடு மாதாவிடம் போன கால்கள் அவை.

அந்த அம்மம்மாவின் வருஷத்தைச் சொல்கிறேன். வைகாசி விசாகத்தைக் கடந்தால் ஆடிப்பிறப்புக் கூழ். ஆடி அமாவாசை தகப்பனுக்கு, சித்திராப் பௌர்ணமி தாய்க்கு. ஆவணியில் நல்லூர்த் திருவிழா இருபத்தைந்து நாளும் வீட்டில் மச்சம் இல்லை. அந்த ஒழுங்கு நோர்பரிக் குசினியிலும் செல்லும். புரட்டாதியில் நவராத்திரி, பிறகு கேதார கௌரி இருபத்தொரு நாள், தீபாவளி அமாவாசையில் காப்பு. அது முடிந்து மறுநாள் கந்தசஷ்டி ஆறு நாள். மூச்சு விடுமுன் பிள்ளையார் கதை இன்னொரு இருபத்தொரு நாள். மார்கழியில் திருவெம்பாவை. ஐப்பசி தொடங்கி மார்கழி முடியும் வரை விரதத்தின் மேல் விரதம். லண்டனில் அதே காலத்தில்தான் வெளிச்சம் சுருங்கி, பின்னேரம் நான்கு மணிக்கே இருட்டும். வேலையில்லாமல், மொழியில்லாமல், பிள்ளைகள் எல்லோரும் வேலைக்குப் போன ஒரு வீட்டில் அந்த மாதங்களைக் கடக்கிற ஒரு முதியவருக்கு, நாளைக்கு என்ன திதி என்பது எவ்வளவு பெரிய பிடி என்று நான் பிந்தித்தான் யோசித்தேன்.

திதி பார்ப்பது எளிதான வேலையும் இல்லை. திதி முடிகிற கணம் உலகமெங்கும் ஒன்றுதான். மணிக்கூடு வேறு, சூரியன் எழும்புகிற நேரம் வேறு. குளிர்காலத்தில் யாழ்ப்பாணம் லண்டனுக்கு ஐந்தரை மணித்தியாலம் முந்தியது. அங்கே செவ்வாய் விடியற்புறம் நான்கு மணிக்கு முடியும் திதி இங்கே திங்கள் இரவு பத்தரைக்கு முடிந்துவிடும். அதனால் அங்கே ஒரு நாள், இங்கே ஒரு நாள் விரதம் வரலாம். அதற்கு மேல் வாக்கியப் பஞ்சாங்கமா திருக்கணிதமா என்ற பழைய வழக்கு. கோயில்கள் லண்டன் நேரத்துக்கு நாட்காட்டி அடிக்கின்றன. அம்மம்மா அதையும் ஊர்ப் பஞ்சாங்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "பிள்ளை, அட்டமி எத்தனை மணிக்கு முடியுதெண்டு உன்ரை போனிலையும் ஒருக்காப் பார்" என்று மூன்றாவது சாட்சியையும் கேட்பார். பிறகு ரொறொன்ரோவுக்கும் சூரிச்சுக்கும் தொலைபேசி. "உங்கை நாளைக்குத்தான். இண்டைக்கு இறைச்சி சமைக்கலாம், நாளைக்கு வேண்டாம்." மூன்று நாடுகளில் நான்கு அடுப்புகளில் என்ன வேகவேண்டும் என்பதை நோர்பரி மேல்மாடியிலிருந்து ஒருவர் ஒழுங்கு செய்தார். அந்தக் குடும்பத்தைக் குடும்பமாய் வைத்திருந்தது அந்தத் தொலைபேசி அழைப்புகள்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். பிள்ளைகள் அதைத் தொந்தரவு என்று நினைத்த நாட்களும் இருந்தன.

இந்தப் படிப்பு அவருக்கு எங்கிருந்து வந்தது? பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை யாழ்ப்பாணத்தாரின் வாழ்வைக் கந்தபுராணக் கலாசாரம் என்றார். கோயில் மண்டபத்தில் ஒருவர் கச்சியப்பரின் பாட்டை இராகத்தோடு வாசிப்பார். இன்னொருவர் பயன் சொல்வார். வாசிப்பவரும் பயன் சொல்பவரும் ஆண்கள். பெண்கள் ஒரு பக்கத்தில் இருந்து கேட்பார்கள். வருஷா வருஷம் கேட்டுக் கேட்டுச் சூரபன்மன் வதைப் படலம் மனப்பாடமான பெண்கள் பலர். அவர்களில் எழுத்து வாசனை குறைந்தவர்களும் உண்டு. ஆறுமுக நாவலர் சைவப் பள்ளிக்கூடங்களைத் தொடக்கிவைத்தார். பொன்னம்பலம் இராமநாதன் 1913இல் மருதனார்மடத்தில் சைவப் பெண்களுக்கென்றே கல்லூரி கட்டினார். அங்கே படிக்க எல்லாக் குடும்பமும் பெண்பிள்ளையை அனுப்பவில்லை. மிச்சப் பேருக்குக் கோயில் தூண்தான் பள்ளிக்கூடம்.

கேட்டுக்கொண்டிருந்த பக்கத்திலிருந்து எழுந்து மேடைக்குப் போன ஒருவர் சிவத்தமிழ்ச்செல்வி தங்கம்மா அப்பாக்குட்டி. 1925இல் பிறந்தவர், ஆசிரியர், தெல்லிப்பழைத் துர்க்கையம்மன் தேவஸ்தானத்தின் தலைவராய் இருந்து கோயிலை வளர்த்தார், ஆதரவற்ற பெண்பிள்ளைகளுக்குத் துர்க்காபுரம் மகளிர் இல்லத்தை அமைத்தார், 2008இல் மறைந்தார். அவருடைய சமயச் சொற்பொழிவு என்றால் பெண்கள் வேளைக்கே சமைத்து வைத்துவிட்டு வந்து முன்வரிசையில் இருப்பார்கள். அவரும் மணம் செய்துகொள்ளாமல், கோயிலையே வீடாக்கி நின்றவர். மேடை ஏறியவருக்கு வரலாறு இருக்கிறது. முன்வரிசையில் இருந்து கேட்டுவிட்டுப் போய் இரவுச் சாப்பாடு பரிமாறியவர்களுக்கு இல்லை.

ஒன்றைச் சொல்லாமல் போனால் நான் இவர்களுக்குச் செய்வது வெறும் துதியாகிவிடும். இந்த அம்மாமாரில் பெரும்பாலோர் கணவரை முந்தி அனுப்பிவிட்டு நெடுங்காலம் இருந்தவர்கள். பேத்தியின் கலியாணத்துக்கு நாள் பார்த்தவர், பொன்னுருக்கலுக்கு ஒழுங்கு சொன்னவர், நிறைகுடத்துக்கு எத்தனை மாவிலை என்று காட்டிக் கொடுத்தவர், மண்டபத்தில் பின்வரிசையில் போய் இருப்பார். குத்துவிளக்கை வேறொருவர் ஏற்றுவார். கௌரிக்காப்பைக் கட்டிய கை, கணவர் போன பிறகு அதைத் தொடாமல் விலகும். நாற்பது வருஷம் அந்த நோன்பை நோற்றது யாருடைய ஆயுளுக்காகவோ அவர் போனதும், நோற்றவர் அமங்கலம் என்றாகிவிடுகிறார். இதை அவர்கள் மனதார ஏற்றுக்கொண்டார்கள் என்று சொல்லி நாங்கள் தப்பமுடியாது. ஏற்றுக்கொண்டதாலேயே அது சரியாகிவிடாது. நோர்பரியிலும் குரொய்டனிலும் சில குடும்பங்களில் இப்போது பேத்திகள் கையைப் பிடித்துக் கூட்டிவந்து "அம்மம்மாதான் ஏத்தவேணும்" என்கிறார்கள். சிலர் ஏற்றுகிறார்கள். சிலர் கையை இழுத்துக்கொள்கிறார்கள்.

போரில் போனவையின் கணக்கும் நீளமானது. வலிகாமம் வடக்கு 1990இலிருந்து உயர் பாதுகாப்பு வலயமாகி, கீரிமலையும் மாவிட்டபுரமும் ஊராருக்கு எட்டாமல் கிடந்தன. தகப்பனுக்கு ஆடி அமாவாசைத் தீர்த்தமாட இடமில்லை. 1995இல் ஒக்ரோபர் 24ஆம் திகதி அமாவாசை. அன்றைக்குச் சூரிய கிரகணமும். அதையடுத்துக் கந்தசஷ்டி விரதம். அந்த விரதம் முடிகிற வேளையில், 30ஆம் திகதி, வலிகாமம் முழுவதும் எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தது. பாறணைச் சோறு பலருக்கு வழியில்தான். நகை போயிற்று, உறுதி போயிற்று, மாடு கன்று போயிற்று. விரதம் மட்டும் கூடவே வந்தது, சுமக்கப் பெட்டி தேவைப்படாததால். லண்டனுக்கும் அதுதான் வந்தது. இங்கே விம்பிள்டன் பிள்ளையார் கோயில் 1981இலேயே இருந்தது. வடக்கே ஹைகேற் முருகன் கோயில் 1986இல். நோர்பரியிலிருந்து 109ஆம் இலக்க பஸ் பிடித்தால் தோர்ன்ரன் ஹீத் சிவஸ்கந்தகிரி முருகன். முதியோருக்கு பஸ் இலவசம் என்பதை எங்கள் தாய்மார் முதலில் பயன்படுத்தியது கோயிலுக்குப் போகத்தான். சீனி வருத்தத்துக்குக் குளிசை எடுத்துக்கொண்டு சஷ்டி பிடிக்கக்கூடாது என்று வைத்தியர் சொல்வார். பாலும் பழமும் எடுத்தாவது பிடிப்பேன் என்று அவர் சொல்வார். நடுவில் மகள் மொழிபெயர்க்க மறுத்து நிற்பாள்.

அந்த உடல் ஒருநாள் றோவன் றோட்டுக்குப் போகும். நோர்பரிக்கு மிக அண்மையில், 1936இலிருந்து இயங்கும் தென்லண்டன் தகனசாலை. பத்திரங்கள் முடிந்து நாள் கிடைக்க ஒரு கிழமையோ இரண்டோ ஆகும். மண்டபத்தில் உரலும் உலக்கையும் வைத்துச் சுண்ணம் இடிப்பார்கள், திருப்பொற்சுண்ணம் பாடுவார்கள், பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடிப்பார்கள். ஊரில் படலையோடு நின்றுவிடும் பெண்கள் இங்கே தகனசாலை வரைக்கும் வருகிறார்கள். மகள் பெட்டியில் கைவைத்து நடக்கிறாள். இதை ஒருவரும் கூட்டம் கூடித் தீர்மானிக்கவில்லை. தடுக்கவும் யாருக்கும் மனம் வரவில்லை. பேத்தி ஆங்கிலத்தில் பேசும்போதுதான், மாமன்மாருக்கும் தெரியாத சங்கதிகள் வெளிவரும். பள்ளிக்கூடத்தில் தன்னை யாரோ கேலி செய்த நாளில் அம்மம்மா கந்தர் அனுபூதி சொல்லிக் கொடுத்தது, கடைக்காரப் பாகிஸ்தான் அம்மாவோடு ஒரு சொல்லும் தெரியாமல் பத்து வருஷம் சிநேகமாய் இருந்தது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி. அன்றைக்கு நினைவு மலர். முன்பக்கம் படம், அடுத்தது திதி வெண்பா, பிறகு தேவார திருவாசகம், வம்சாவழி, நன்றி நவிலல். பழைய மலர்களில் பண்டிதர் எழுதிய கல்வெட்டுப் பாக்கள் இருக்கும். குலமும் ஊரும் சீரும் சிறப்பும் அந்தாதியாயும் விருத்தமாயும் ஓடும். 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் இவற்றை ஆயிரமாயிரம் பக்கங்களாய்ச் சேமித்துவருகிறது. ஈழத்துப் பெண்களின் வரலாறு எழுத வருகிறவர்கள் அங்கேதான் தோண்டவேண்டும். ஆனால் தோண்டினால் பெரும்பாலும் கிடைப்பது இசைஞானியாருக்குக் கிடைத்ததுதான்.

ஒரு மலரில் மட்டும் வேறொன்று பார்த்தேன். தாயின் கொப்பியிலிருந்து ஒரு பக்கத்தை அவர் கையெழுத்திலேயே அச்சிட்டிருந்தார்கள். "84 பெரியவன் வெளிக்கிட்டது. அண்டு தொட்டுச் செவ்வாய் ஒருபொழுது." "87 சின்னவன் பிடிபட்டது. துர்க்கைக்கு எலுமிச்சை விளக்கு." "95 பாறணை கைதடியில்." "மூத்தவளுக்குப் பிள்ளை இல்லை, சஷ்டி ஆறு வருஷம்." அதற்கு நேரே வேறு மையில், "பிறந்திட்டுது." ஒவ்வொரு விரதத்துக்கும் ஒரு பிள்ளையின் பெயர். தனக்கென்று ஒன்றும் இல்லையா என்று தேடினேன். கடைசிக்கு முதல் வரியில் இருந்தது. "திங்கள், எனக்கு. காரணமில்லை. சிவனுக்காக."

அந்தப் பிள்ளைகள் அதை வாசித்தபோதுதான், 84இல் விமானம் ஏறியவன் தான் நாற்பது வருஷமாய் யாருடைய ஒருநேரச் சோற்றின் மேல் நடந்தான் என்று அறிந்தான்.

2012 யூலையில் பிரிட்டன் சட்டத்தை இறுக்கியது. தன்னைத் தானே பராமரிக்க முடியாத நிலையில், அந்தப் பராமரிப்புச் சொந்த நாட்டிலும் கிடைக்காது என்று நிறுவினால்தான் இப்போது பெற்றோரைக் கூப்பிடலாம். அதன் பிறகு ஊரிலிருந்து வந்த அம்மம்மாக்கள் மிகக் குறைவு. நோர்பரியில் இருக்கிறவர்கள் அந்த வரிசையின் கடைசிப் பேர். அவர்களுடைய மகள்மாருக்கு இப்போது அறுபது வயது. மருத்துவமனையிலும் அலுவலகத்திலும் வேலை செய்துகொண்டே சஷ்டிக்கு லீவு எடுக்கிறவர்கள். அவர்களுக்கு விரதம் தெரியும். எது யாருக்காகத் தொடங்கியது என்பது பாதி தெரியாது.

ஆகவே தாய் இருக்கும்போதே பக்கத்தில் ஒரு கொப்பியோடு இருங்கள். எந்த விரதம், எந்த வருஷம், எவருக்காக, எந்தக் கோயிலில் நேர்ந்தது, நிறைவேறியதா என்று கேளுங்கள். விளக்கை ஏன் ஏற்றமாட்டேன் என்கிறீர்கள் என்றும் கேளுங்கள். அதற்குச் சொல்லும் பதிலையும் அப்படியே, அவர் பேச்சிலேயே எழுதுங்கள். மலர் அடிக்கும் காலம் வரும்போது தேவாரத்துக்கு அடுத்த பக்கத்தில் அதைப் போடுங்கள். ஒரு பிரதி நூலகத்துக்கு அனுப்பிவையுங்கள்.